வால் என்று ஒரு கட்டம்

பிப்ரவரி 4

தம்பிக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் நீ பிரிக்காமலேயே ஏதாவது இழுப்பறையில் போட்டிருப்பாய், தெரியும். போன் செய்தால் உன் பெண்டாட்டி எடுத்து, "இருக்காரு அண்ணி, ஆனா பேச மாட்டேங்கிறாரு" என்கிறாள். அவள் பின்னால் நீ தொண்டையைச் செருமுவது எனக்கு நன்றாகவே கேட்கிறது.

நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். எனக்கு வேலை மாறிவிட்டது. அதே ஆராய்ச்சிக்கூடம்தான். எலிகளை விட்டுவிட்டு நாய்ப் பிரிவுக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷம் எலிக்குக் கூண்டு மாற்றிய கை இப்போது நாய்க்குச் சோப்புப் போடுகிறது. நீளமான, தாழ்ந்த கட்டடம். ஜன்னல்களுக்கெல்லாம் பால்நிறக் கண்ணாடி. மத்தியானத்தில் வெயில் அதில் பட்டால் எது தரை எது சுவர் என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெளுப்பாகிவிடும். எட்டு நாய்கள் அந்த வெளுப்பில் படுத்துக்கொண்டு, தூக்கத்திலேயே காலை உதைத்து எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். நான் துடைப்பத்தை மெதுவாகத்தான் தள்ளுவேன்.

இந்த எட்டுக்கும் ஒரே நோய். பிறவியிலேயே வந்தது. சந்தோஷம் வந்தால் கால் மடங்கி விழுந்துவிடும். நினைவு இருக்கும், கண் திறந்திருக்கும், உடம்பு மட்டும் அரை நிமிஷம் காணாமல் போய்விடும். நாய்க்கு இது எப்படி வருகிறது என்று தெரிந்தால் மனிதனுக்கு வருவதும் பிடிபடும் என்றுதான் இவற்றை வளர்க்கிறார்கள்.

தினமும் காலை பதினொரு மணிக்கு ஒரு சோதனை. தரையில் சாணுக்கு ஒன்றாக, வேகவைத்த கறியில் பத்துத் துண்டு வரிசையாக வைப்பேன். கதவைத் திறந்துவிட்டு ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். நோயில்லாத நாய் இருபது விநாடியில் பத்தையும் முடித்துவிட்டு என் கையைப் பார்க்கும். பதினேழாம் நம்பருக்கு நாலு நிமிஷம் ஆகும். முதல் துண்டு வாய்க்குள் போனதும் முன்னங்கால் மடங்கும். இரண்டாவதற்குப் பின்னங்காலும். மூன்றாவது துண்டுக்கு எதிரில் மூக்கை வைத்துக்கொண்டு, தரையோடு தரையாகக் கிடந்து, அதையே பார்த்துக்கொண்டிருக்கும். விழுவதற்கு முந்தின நொடி வரைக்கும் வால் அப்படிச் சுழலும்!

நேற்று ஒன்பது தடவை விழுந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. யார் ஞாபகம் வந்தது என்று நான் சொல்லித்தானா உனக்குத் தெரிய வேண்டும்?

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

திட்டச் சொன்னாய், சந்தோஷம். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் திட்டினால் பாதியிலேயே எனக்குத் தாடை தொங்கி நாக்குக் குழறும். திட்டு வாங்குகிறவளே "தண்ணி குடிடா" என்று சொல்கிற மாதிரி ஆகிவிடும். எழுத்தில் திட்டினால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே இனி நமக்குள் தபால்தான்.

என் கதையை உனக்கே சொல்கிறேன், மறந்திருந்தால். பதினான்கு வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு நாள் ஸ்டாப்பிலிருந்து வண்டி நகரும்போது கண்டக்டர் ஒரு ஜோக் சொன்னார். நல்ல ஜோக். சிரித்தேன். கை ஸ்டியரிங்கிலிருந்து நழுவியது, கழுத்து தொங்கியது, பஸ் நடைபாதையில் ஏறி ஒரு பூந்தொட்டியை உடைத்துவிட்டு நின்றது. மொத்தச் சேதம் ஒரு பூந்தொட்டி. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிரேக் கோளாறு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளாகவே சிரித்தால் எனக்கு இப்படி ஆகிறது என்று உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். அந்த ஒருத்தி மறுநாளே டிப்போ மேனேஜருக்குக் கடிதம் எழுதினாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். அவர் மேஜையில் அது தலைகீழாகக் கிடந்தபோதே கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன். எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த கையாயிற்றே.

டாக்டர் கொடுத்த மாத்திரையையும் தின்று பார்த்தேன். வாய் உலர்ந்ததுதான் மிச்சம்.

இப்போது எனக்கு டிப்போவின் தொலைந்த பொருள் அறை. பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனதெல்லாம் இங்கே வந்து சேரும். இருநூற்றுப் பதினொரு குடைகள். ஒற்றைச் செருப்புகள் ஒரு பெட்டி. ஒரு பல் செட்டும் இருக்கிறது. ஒரு வருஷமாக யாரும் அதைத் தேடி வரவில்லை, அந்த மனுஷர் எதைத்தான் சாப்பிடுகிறாரோ. மத்தியானம் ஆனால் தூக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வரும். கண் திறந்திருக்கும்போதே கனவு ஆரம்பித்துவிடும். நேற்று குடைகளெல்லாம் எழுந்து வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கிக்கொண்டு என் பஸ்ஸில் ஏறின. ஜன்னலோரத்துக்கு அவற்றுக்குள் சண்டை வேறு. நான் வண்டியை எடுத்தேன். கீழே ரோடு இல்லை, தண்ணீர். சத்தமே இல்லாமல் போனது. பின்னால் குடைகள் ஒவ்வொன்றாக மெல்ல விரிந்தன. அவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் ஓட்டியதில்லை அக்கா.

எழுந்தால் கன்னத்தில் மேஜை விளிம்பு பதிந்திருக்கிறது. எதிரில் ஒருவர், "கறுப்புக் குடைங்க, கைப்பிடி கொஞ்சம் உடைஞ்சிருக்கும்" என்று நிற்கிறார்.

இந்த லட்சணத்தில் இருப்பவனை நாயோடு சேர்த்து வைத்து ஒரு கடிதம். ரொம்ப நன்றி.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

டிப்போவுக்கு எழுதியது தப்பில்லை. அன்றைக்குப் பூந்தொட்டி இருந்த இடத்தில் இன்னொரு நாள் ஒரு குழந்தை நின்றிருக்கும். உன்னிடம் சொல்லாமல் எழுதியதுதான் தப்பு. சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய். நீ அழுதிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பயந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டேன். இதை நேரில் வந்து சொல்லத் தைரியம் இல்லாமல் மூன்று மாதம் ஓட்டிவிட்டேன்.

நாய்க் கதைக்கு வருகிறேன். இங்கே நாய்களுக்குப் பெயர் வைக்கக்கூடாது, நம்பர் மட்டும்தான். பெயர் வைத்தால் மனசு ஒட்டிக்கொள்ளும், மனசு ஒட்டினால் எழுதுகிற கணக்கு கோணிவிடும் என்பார் பெரிய டாக்டர். நல்ல மனுஷி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே மூன்று அறைகளில் தேடுவார். நான் சட்டத்தை மீறவில்லை. புதிதாக எந்தப் பெயரும் வைக்காமல், நம் வீட்டில் சும்மா கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பதினேழை நான் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிறேன். ஸ்கூல் வேனில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவனுக்கு நான் வைத்த பட்டம்தான். உனக்கு இப்போது அது உபயோகத்தில் இல்லையே என்று எடுத்துக்கொண்டேன். காதைத் தூக்கிக்கொண்டு உடனே திரும்பிப் பார்க்கிறது.

புது மருந்து ஒன்று வந்திருக்கிறது. எட்டில் நாலுக்கு மருந்து, நாலுக்கு அதே மாதிரி வெறும் மாத்திரை. மருந்து கலந்த தட்டை இன்னொன்று நக்கிவிடக்கூடாது என்று அந்த நாலை மட்டும் கோடியில் இருக்கிற தனித்தனி அறைகளுக்கு மாற்றியிருக்கிறோம். தூங்குமூஞ்சியும் அதில் ஒன்று. பதினாறாம் நம்பர் அதற்கு அக்கா. ஒரே ஈற்று, கால் மணி நேரம் மூத்தவள். அவள் மற்றவற்றோடு பழைய கூடத்திலேயே இருக்கிறாள். இத்தனை நாளும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுத்தான் தூங்கும். முதல் இரண்டு நாள் இது கதவுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டு முனகியது. இப்போது பழகிவிட்டது, சத்தமே போடுவதில்லை.

உன் மகள் வாண்டு எப்படி இருக்கிறாள்? கடைசியாகப் போனில் எனக்கு ஒரு ஜோக் சொன்னாள். நத்தை ஒன்று பஸ்ஸில் ஏறியது என்று ஆரம்பித்தாள், அதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்து போனைக் கீழே போட்டுவிட்டாள். அந்த நத்தை என்ன ஆயிற்று என்று கேட்டு எழுது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

பட்டத்தை நாய்க்குக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு நாள் சண்டை போட வேண்டும். இன்றைக்கு நேரமில்லை. நல்ல சேதி இருக்கிறது.

முப்பத்தைந்து நாள் ஆகிறது, ஒரு தடவைகூட நான் விழவில்லை. உன் புது மருந்து எதுவும் இல்லாமலே. எப்படி என்று கேள். சிரிப்பு கிளம்புவது முதலில் வயிற்றில் தெரியும். அது மார்புக்கு ஏறுவதற்குள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டு ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். ஒன்பதேழு அறுபத்துமூன்று வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். இப்போது அதுகூடத் தேவைப்படுவதில்லை. கண்டக்டர்கள் சாப்பாட்டு மேஜையில் உருண்டு புரண்டு சிரிக்கிறார்கள், நான் பாட்டுக்கு சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிறேன். மத்தியானத் தூக்கமும் குறைந்துவிட்டது. கனவு வருவதில்லை. குடைகள் குடைகளாகவே இருக்கின்றன.

டிப்போ டாக்டரைப் பார்த்தேன். அறுபது நாள் விழாமல் இருந்தால், மறுபடி ஓட்டிக்காட்டும் சோதனைக்கு அனுப்புவாராம். ஒரே ஒரு நிபந்தனை. முதலில் புகார் எழுதியவரே, இப்போது தனக்குக் கவலை இல்லை என்று எழுதித் தர வேண்டும். படிவம் இதோடு வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஏப்ரல் எட்டாம் தேதி அறுபது நாள் முடிகிறது. உன்னிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். அந்த ஸீட்டில் உட்கார்ந்தால்தான் நான் நானாக இருக்கிறேன். இங்கே என்னையும் யாரோ பஸ்ஸில் விட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது.

நத்தையைப் பற்றிக் கேட்டாய். வாண்டு இப்போதெல்லாம் ஜோக் சொல்வதில்லை. ஏழு வயதாகிறது, பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னமோ எழுதிக்கொண்டிருக்கிறாள். வீடு நிம்மதியாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 22

தம்பி,

பூஜ்யம்! தூங்குமூஞ்சி நேற்று பத்துத் துண்டையும் ஒரு தடவைகூட விழாமல் தின்றுவிட்டது. முப்பத்திரண்டு விநாடி. ஒன்பது ஐந்தாகி, ஐந்து இரண்டாகி, இப்போது ஒன்றுமே இல்லை. மருந்து தின்ற நாலுக்குமே இப்படித்தான். கூடத்தில் இருக்கிற நாலும் பழையபடி பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருக்கின்றன. பெரிய டாக்டர் கேக் வாங்கி வந்து எல்லாருக்கும் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். கட்டுரை எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இந்த நாய்ப் பிரிவுக்கு என்னை யாரும் மாற்றவில்லை. நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் ஸ்டியரிங்கைப் பிடுங்கிய கையால் உனக்குத் திருப்பிக் கொடுக்க ஏதாவது கிடைக்காதா என்றுதான் வந்தேன். எலிகளோடு இருந்தால் அது கிடைக்காது என்று தோன்றியது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த உறை சிறியது, மடித்தால் படிவம் கசங்கிவிடும். நாளைக்குப் பெரிய உறை வாங்கி அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 27

தம்பி,

பெரிய உறை வாங்கிவிட்டேன். படிவம் அதற்குள் இருக்கிறது. உறை என் மேஜையில் இருக்கிறது. அதை அனுப்பப் போவதில்லை. தயவுசெய்து உட்கார்ந்து படி, கடைசி வரைக்கும் படி.

அந்தப் பூஜ்யம் வந்த நாளிலிருந்தே எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. கேக் தின்றபோதுகூட உறுத்தியது. தூங்குமூஞ்சி கறித் துண்டுகளை மாத்திரை விழுங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக விழுங்கியது. முடித்ததும் என் கையைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. வால் தரையில் கிடந்தது. எங்கள் பதிவுத் தாளில் தேதி, எண், துண்டுகள், விழுந்தது, நேரம் என்று ஐந்து கட்டம் இருக்கிறது. வாலுக்குக் கட்டம் இல்லை. அதனால் நானும் எழுதவில்லை.

உறை வாங்கி வந்த அன்று கூடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது. தரையெல்லாம் தண்ணீர். அங்கே இருந்த நாலையும் நடைவழியாகப் பின்பக்க முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனோம். மத்தியானம், அந்த வெளுப்பான வெளிச்சம், ஈரக் கால்கள் தரையில் படுகிற சத்தம் மட்டும்தான். தூங்குமூஞ்சியின் கம்பிவலைக் கதவுக்கு முன்னால் வந்ததும் பதினாறு நின்றுவிட்டாள். உள்ளே இது தலையைத் தூக்கியது. எழுந்தது. வால் முதலில் ஒரு தடவை ஆடியது, அப்புறம் முதுகே சேர்ந்து ஆடியது. ஓடி வந்து வலையில் மூக்கை வைத்தது, அவளும் வைத்தாள், அடுத்த நொடி இரண்டும் விழுந்தன. வலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மூக்கோடு மூக்கு வைத்தபடி. கண் இரண்டுக்கும் திறந்தே இருந்தது. நாலு வார மருந்து உடம்பில் இருக்கும்போதே அப்படி விழுந்து கிடந்தது. நான் வாட்சை அழுத்தவே மறந்துபோய் நின்றேன்.

மருந்து அதைக் குணப்படுத்தவில்லை. தனியாகக் கிடந்து அதற்குச் சந்தோஷம் என்பதே இல்லாமல் போயிருந்தது. சந்தோஷம் இல்லாத நாய் எதற்கு விழப்போகிறது? தட்டை நக்கிவிடக்கூடாது என்று மருந்து தின்றவற்றை மட்டும் பிரித்து வைத்தோம், மற்ற நாலையும் ஒன்றாக விட்டோம். இத்தனை படித்தவர்கள் சேர்ந்தும் இது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தினமும் பார்ப்பவள் நான்தானே.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். தொடையில் கிள்ளு. ஒன்பதாம் வாய்ப்பாடு. கனவு வருவதில்லை. வாண்டு ஜோக் சொல்வதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நானும் அந்த நாயைப் பற்றி அப்படித்தான் எழுதினேன், சத்தமே போடுவதில்லை என்று.

நீ குணமாகவில்லைடா. சிரிப்பதை விட்டுவிட்டாய், அவ்வளவுதான். எத்தனை நாளைக்கு விட்டிருக்க முடியும்? ஒரு நாள் வரும், அன்றைக்கு உனக்குப் பின்னால் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு நாள் வராமலே போனால் அது இன்னும் மோசம். சிரிக்காத உன்னை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

பெரிய டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. நாளைக்குச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை வேறு யாருக்கும் சொல்வதற்கு முன்னால் உன்னிடம்தான் சொல்லுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 3

அக்கா,

ஒரு நாய்க்கு வால் ஆடவில்லை என்பதற்காக என் ஸீட் போகிறது. இரண்டாவது தடவையும் உன் கையாலேயே. இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி இருந்தது.

நாலு நாள் தபால் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் சிரிக்கிறேனா இல்லையா என்று உனக்கு எப்படித் தெரியும்? சிரித்துக் காட்டுகிறேன். விழாமல் சிரித்துக் காட்டுகிறேன், சாட்சி வைத்து எழுதி அனுப்புகிறேன். அப்போது என்ன சொல்கிறாய் என்று பார்க்கலாம்.

அதுவரைக்கும் தபாலும் வேண்டாம்.


ஏப்ரல் 9

தம்பி,

வேண்டாம் என்றாய். இது தபால் இல்லை, ஒரு தாள். சாட்சி வைத்து எழுதி அனுப்புகிறேன் என்றாயே, எழுதுவதற்குக் காகிதம் வேண்டாமா? எங்கள் பதிவுத் தாள் ஒன்றை வைத்திருக்கிறேன். புதிதாக அச்சடித்தது. ஆறாவதாக ஒரு கட்டம் இருக்கும், பார்.

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சிவந்துபோயிற்று. கட்டுரைத் தாள்களைப் புரட்டினார். அப்புறம் எழுந்து கோடி அறைக்குப் போய், கதவைத் திறந்து, தூங்குமூஞ்சிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாய் சந்தோஷமா இருக்கா இல்லையான்னு எப்படிம்மா எழுதுறது?" என்றார்.

"வால்னு ஒரு கட்டம் போடுங்க மேடம், நான் எழுதிடுறேன்" என்றேன்.

கட்டுரையை நிறுத்திவிட்டார். நாலையும் மறுபடி கூடத்தில் சேர்த்துவிட்டோம், சாப்பாட்டு வேளைக்கு மட்டும் தனித் தட்டு, தனி மூலை. மருந்து தொடர்கிறது. நேற்று தூங்குமூஞ்சி ஆறு தடவை விழுந்தது. ஒன்பதும் இல்லை, பூஜ்யமும் இல்லை. கொஞ்சம் வேலை செய்கிற மருந்துதான் போலிருக்கிறது. இந்த ஆறு போதும் எனக்கு என்கிறார் டாக்டர். அக்காவும் தம்பியும் பழையபடி ஒன்றின்மேல் ஒன்று கால் போட்டுத் தூங்குகின்றன. நான் சில மத்தியானங்களில் துடைப்பத்தோடு அங்கேயே நின்றுவிடுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

தபால் வேண்டாம் என்று சொன்னவனே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நம் வீட்டுக் கூடத்தில் சோதனை வைத்தேன். நாற்காலிகளையெல்லாம் ஓரமாகத் தள்ளினேன். தொலைந்த பொருள் அறையில் ஒரு ஸ்டாப்வாட்ச் கிடக்கிறது, அதை இரவல் எடுத்து வந்திருந்தேன். சொந்தக்காரர் மன்னிக்கட்டும். உன் தாளையும் பேனாவையும் வாண்டிடம் கொடுத்தேன். வாட்ச் அவள் அம்மா கையில். நான் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"அத்தைக்குச் சொன்னியே, அந்த நத்தை ஜோக்கை எனக்குச் சொல்லு" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "வேண்டாம்பா" என்றாள்.

"ஏன்?"

"நான் சொன்னா நீ சிரிப்ப. சிரிச்சா விழுந்துடுவ. விழுந்தா உனக்கு பஸ் தர மாட்டாங்க."

உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். மூலையில் உட்கார்ந்து என்னமோ எழுதுகிறாள் என்று சொன்னேனே, அந்த நோட்டு. இத்தனை நாளும் பள்ளிக்கூடத்தில் கேட்ட ஜோக்கையெல்லாம் நம்பர் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். இருபத்து மூன்று ஜோக். "உனக்கு பஸ் கிடைச்சதும் மொத்தமா சொல்லலாம்னு வச்சிருக்கேன்" என்றாள். ஏழு வயதுக் குழந்தையின் வாயைக் கட்டி வைத்துவிட்டு, வீடு நிம்மதியாக இருக்கிறது என்று உனக்கு எழுதியிருக்கிறேன்.

"இப்பவே சொல்லு, பரவாயில்ல" என்றேன்.

நத்தை பஸ்ஸில் ஏறியதாம். கண்டக்டர் டிக்கெட் கேட்டாராம். அதற்கு நத்தை, "வெளிய கிளம்பினவங்கதான் சார் டிக்கெட் எடுக்கணும், நான் இன்னும் என் வீட்டுக்குள்ளதான இருக்கேன்" என்றதாம்.

பதினான்கு வருஷம் பஸ் ஓட்டியவனிடம் சொல்கிற ஜோக்கா அது! வயிற்றில் கிளம்பியது. தொடைக்குக் கை போனது. ஒன்பதொன்று ஒன்பது என்று ஆரம்பித்தேன், பதினெட்டுக்கு மேல் ஏறவில்லை. முட்டி மடங்கியது, தரை மேலே வந்தது, நான் கீழே போனேன்.

விழுந்து கிடக்கும்போது எல்லாம் காதில் விழும் என்று உனக்குத் தெரியும். வாண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாலு வரைக்கும் பயந்த குரல். அப்புறம் என் முகத்தைக் குனிந்து பார்த்திருப்பாள் போலிருக்கிறது, ஐந்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவள் அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் கேட்டு எவ்வளவு நாளாகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே கண்ணுக்கு முன்னால் தண்ணீர் வந்தது, அந்த பஸ்ஸும் வந்தது. குடைகள் எல்லாம் ஏறியிருந்தன. நான் பார்க்காத உன் நாய் முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் ஸீட்டில் யாருமே இல்லை. பஸ் மெல்ல என் பக்கத்தில் வந்து, என்னைத் தாண்டிப் போயிற்று. நான் நிறுத்தச் சொல்லிக் கை காட்டவில்லை.

எழுந்து உட்கார்ந்து அழுதேன். நன்றாகவே அழுதேன். அப்புறம் நோட்டிலிருந்து இன்னும் இரண்டு ஜோக் சொல்லச் சொன்னேன், இரண்டுக்கும் விழுந்தேன். ஸீட் போனது போனதுதான், அதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை, நீயும் சொல்லாதே. திங்கட்கிழமை காலை மேனேஜருக்கு, எனக்கு ஓட்டும் சோதனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை டிப்போவுக்கு எழுதியது என் கை. மத்தியானம் அந்த அறையில் தூங்கிப்போனேன், கனவு வந்தது. பல் செட்டுக்காரர் வந்து பல்லை வாங்கிக்கொண்டு போனார்.

லீவு போட்டுவிட்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போ. போனிலேயே சொல்லலாம், இனி எடுக்கிறேன். கதவை நான்தான் திறப்பேன். உன்னைப் பார்த்ததும் விழுந்தால் பயப்படாதே, அங்கேயே நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிரு.

தாளை வாண்டு பூர்த்தி செய்துவிட்டாள். அவள் கையெழுத்தில் இருக்கிறபடியே வைத்திருக்கிறேன்.

தூங்குமூஞ்சி (இந்தப் பட்டத்தை அந்த நாயும் வைத்துக்கொள்ளட்டும்)


தேதி: ஞாயிறு

எண்: அப்பா

துண்டுகள்: 3 ஜோக்

விழுந்தது: 3 தடவை

நேரம்: 2 நிமிஷம் 10 செகண்ட். அம்மா நடுவுல அழுத்த மறந்துட்டா

வால்: அப்பாவுக்கு வால் இல்ல. ஆனா ஆடுச்சு.